நனைந்த கால்மிதி: வாசகர் கேள்வி பதில்

நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் ராமநாதபுரம் கரை முழுக்க ஒரே பிரச்சினைதான் போலிருக்கிறது. என்ன சோறு போடுவது, என்ன பெயர் வைப்பது என்று கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்ற எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போகிறதே, என்ன செய்ய? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. மண்டபம் பக்கம் பிறந்து, இதுவரை ஐந்து நாய்களுக்குத் தரை துடைத்துப் பழகியவன். வைத்தியம் தேவைப்படுகிற இடத்தில் கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: அண்ணே, கரையில் ஏற்றிப் போட்டிருந்த பழைய வல்லத்துக்கு (மீன்பிடிப் படகு) அடியில் பிறந்த குட்டி. இரண்டு மாதம் இருக்கும், பிள்ளைகள் கேட்டு அழுததால் தூக்கிவந்தோம். வெளியே அரை மணி நேரம் விட்டாலும் நண்டை விரட்டிக்கொண்டு திரியுமே தவிர ஒன்றும் போகாது. உள்ளே வந்த ஒரே நிமிஷத்தில் வாசல் கால்மிதியில் போய்விடும். டைல்ஸ் தரையில் போனாலாவது துடைத்துவிடலாம். கால்மிதி, பாய், பையனின் தலையணை என்று தேடித் தேடிப் போகிறது. வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர், பகலில் நான்தான் தனியாகச் சமாளிக்கிறேன். மாமியார், "இது வேணும்னே செய்யுது, கொண்டுபோய் விடு" என்கிறார். (வாசகி, பாம்பன்)

பதில்: மாமியாரிடம் சொல்லுங்கள், வேண்டுமென்று செய்கிற அளவுக்கு அதற்கு இன்னும் விவரம் வரவில்லை. "தேடித் தேடி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது. குட்டி பிறந்து மூன்று வாரம் வரைக்கும் தாய் நக்கி நக்கித்தான் அதைப் போகவைக்கும், சுத்தமும் அதுவே செய்துவிடும். அதற்கப்புறம் குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து, படுத்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் இருக்க ஆரம்பிக்கும். அப்போதிருந்து இரண்டு மாதம் வரைக்கும் அதன் உள்ளங்காலுக்குக் கீழே என்ன இருந்ததோ, அதுதான் அதற்குக் கக்கூஸ். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும், சிமெண்ட் தரையில் வளர்ந்தது சிமெண்டைத் தேடும். உங்கள் குட்டி வல்லத்தடி மணலில் பிறந்தது. கால் வைத்தால் கொஞ்சம் நெகிழ வேண்டும், விட்ட ஈரம் உடனே உறிஞ்ச வேண்டும், அதுதான் அதற்குத் தெரிந்த சரியான இடம். டைல்ஸ் தரை வழுக்குகிறது, விட்டது காலிலேயே தெறிக்கிறது. உங்கள் வீட்டுக்குள் மணல் மாதிரி இருப்பது கயிற்றுக் கால்மிதியும் பாயும் தலையணையும்தான். பாவம், அது ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

அதனால் முதல் வேலை, ஒரு மாதத்துக்குக் கால்மிதி, தரைவிரிப்பு, சுருட்டி வைத்த பாய் எல்லாவற்றையும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் ஏற்றிவிடுவது. தலையணை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது.

அடுத்தது அந்த அரை மணி நேரம். இரண்டு மாதக் குட்டியைக் கடற்கரையில் அவிழ்த்துவிட்டு, நீ ஒண்ணுக்குப் போ என்றால் எப்படிப் போகும்? நண்டு வளை, காக்கை, காய்கிற வலை, பக்கத்து வீட்டுக் கோழி, காற்றில் வருகிற கருவாட்டு வாசம் என்று ஆயிரம் வேலை அதற்கு. அடிவயிறு நிறைந்திருப்பதே மறந்துபோகும். உள்ளே வந்ததும் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை, ஞாபகம் வந்துவிடுகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எப்போதாவது அது வெளியே போய் முடித்தவுடனே "அப்பாடா" என்று தூக்கி உள்ளே கொண்டுவந்துவிடுகிறீர்களா? அப்படியானால், போனால் விளையாட்டு முடிந்தது என்று கணக்குப் போட்டு அடக்கிக்கொள்ளவும் பழகும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். போனால்தான் விளையாட்டு. கழுத்தில் இரண்டு முழக் கயிறு கட்டி, வேலியோரம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்காத பக்கமாகப் பாருங்கள், குட்டிக்குக் கண்ணில் மண் விழுந்தால் அது எதையும் செய்யாது. அங்கே போய்ச் சும்மா மரம் மாதிரி நில்லுங்கள். பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. குட்டி மோப்பம் பிடித்துச் சுற்றும், உட்காரும். உட்கார்ந்த உடனே கத்திப் பாராட்டிவிடாதீர்கள், பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவந்து மீதியை வீட்டுக்குள் முடிக்கும். முழுக்க முடியட்டும். முடிந்து எழுந்த அந்த நொடியே, அதே இடத்தில் நின்றுகொண்டு, உப்புப் போடாமல் அவித்த நெத்திலியில் ஒரு துண்டு. வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குத்தான் நெத்திலி என்று அது நினைக்கும், அதனால் மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், நண்டு விரட்டட்டும்.

பத்து நிமிஷத்தில் ஒன்றும் போகவில்லையா, தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருந்தால் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே வேலியோரம்.

எப்போதெல்லாம் கொண்டுபோவது? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள்ளும் (வயிற்றில் சோறு விழுந்தால் குடல் கீழே தள்ளும், நமக்கும் அப்படித்தான்), விளையாடி மூச்சு வாங்கும்போதும், படுக்கும் முன்னாலும். இது தவிர, விழித்திருக்கிற நேரத்தில் மணிக்கு ஒரு தடவை. இரண்டு மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று மணி நேரம் அடக்க முடியும், மாதத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது ஒரு தோராயக் கணக்கு. விளையாட்டை நிறுத்திவிட்டு மூக்கைத் தரையில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தாலோ, கதவு மறைவுக்கு நடந்தாலோ கேள்வியே இல்லை, தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நீங்கள் தனி ஆள் என்பது புரிகிறது. தூக்க முடிந்த பெரிய பிள்ளையிடம் ஒரு நேரத்தை ஒப்படையுங்கள். படகு கடலுக்குப் போகாத நாளிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வீட்டுக்காரர் கரையில்தானே இருப்பார். வலை பின்னுகிற இடத்திலேயே குட்டியைக் கட்டிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் முழுக்க மணல்தான். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் ஐந்தாறு மாதம் ஆகும் வரைக்கும் கால்மிதியை நம்பி இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ராமநாதபுரம் டவுனில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 45 நாள் லாப்ரடார் குட்டி வாங்கினேன். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்காதே என்கிறார் டாக்டர். வெளியே பழக்கு என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: டாக்டர் சொல்வதை. பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய் எப்போதோ போன இடத்தை உங்கள் குட்டி இன்று மோந்தால் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசி, மூன்று மாதத்தை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி. அதுவரை தெரு கிடையாது, கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், கூட்டம் எல்லாம் காட்டலாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 45 நாள் குட்டியை யாரும் விற்றிருக்கவே கூடாது. 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற பழக்கம் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கும்போதுதான் ஊறும். பிடுங்கிக்கொண்டு வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தையும் நாம்தான் நடத்த வேண்டும்.

மொட்டை மாடி இருக்கிறதல்லவா, போதும். ஓரம் உயரமில்லாத அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டில் மூன்று விரல் உயரத்துக்கு நர்சரியில் விற்கிற தென்னை நார்த்தூளோ மூட்டையில் வருகிற சலித்த மணலோ பரப்புங்கள். எதிர்வீடு கட்டத் தெருவில் கொட்டியிருக்கிற மணலை மட்டும் அள்ளிவராதீர்கள், ஊர் நாய்க்கெல்லாம் அதுதான் கக்கூஸ். மேலே பாம்பனுக்குச் சொன்ன அதே முறைதான், வேலியோரத்துக்குப் பதிலாக இந்தத் தட்டு. நம் ஊர் வெயிலில் மாடித் தளம் காய்ந்தால் பிஞ்சுப் பாதம் பொத்துப்போகும், அதனால் பகலில் தட்டை நிழலான மாடிப்படித் திருப்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள் விரிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விரிக்கலாம், முதல் நாள் நனைந்த தாளில் ஒரு துண்டை மறுநாள் புதுத் தாளின் அடியில் வைத்தால் இடத்தையும் சீக்கிரம் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் தாளில் பழகினது தாளைத்தான் தேடும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் மூன்றாவது நாயைத் தாளில்தான் பழக்கினோம். அப்பாவுக்குக் காலையில் திண்ணையில் பேப்பரைத் தரையில் விரித்து, இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து படிக்கிற வழக்கம். ஒருநாள் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிற இடைவெளியில், குட்டி நிதானமாக நடந்து வந்து, நடுப்பக்கத்தில் ஏறி நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நெத்திலிக்குக் காத்து நின்றது. கொடுக்காமல் இருக்க முடியவில்லை, அது பாடத்தைச் சரியாகத்தானே ஒப்பித்தது. அன்றிலிருந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தார்.

கேள்வி: மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்து நாலு போடு, தானாகத் திருந்தும் என்கிறார் எங்கள் தாத்தா. சரியா? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: என் முதல் நாய்க்கு நான் அதைத்தான் செய்தேன். பன்னிரண்டு வயது எனக்கு, அதுதான் முறை என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் வீட்டுக்குள் ஈரமே இல்லை, எனக்கு ஒரே பெருமை. அப்புறம் மழைக்கு முன்னால் வலைக் குவியலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, மூலையில் வலைக்குப் பின்னால் அத்தனையும் காய்ந்து கிடக்கிறது, வலைக் கயிறு அந்த இடத்தில் மக்கிப் போயிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நாய் கற்றுக்கொண்டது "வீட்டுக்குள் போகாதே" என்பதை அல்ல, "இவன் கண் முன்னால் போகாதே" என்பதை. அதனால் வெளியே கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாலும் என் முன்னால் போகாது, முதுகைக் காட்டினால்தான் போகும். அதை மாற்ற எனக்கு அரை வருஷம் ஆனது. சில குட்டிகள் பயத்தில் தாங்கள் போனதைத் தாங்களே தின்றுவிடுவதும் உண்டு.

நீங்கள் பார்க்கும்போது உள்ளே போய்க்கொண்டிருந்தால் கையைத் தட்டுங்கள், நிறுத்தும், அப்படியே தூக்கி வெளியே விடுங்கள், மீதியை அங்கே முடித்தால் நெத்திலி. போய் முடித்து அரை மணி ஆனபிறகு பார்த்தீர்களா, துடைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "தப்புப் பண்ணியது அதுக்குத் தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். உங்கள் குரலைக் கேட்டுப் பயந்த மூஞ்சி அது. தாத்தாவிடம் இதையெல்லாம் வாதாட வேண்டாம், குட்டியை ஒரு வாரம் அவர் மடியில் விடுங்கள்.

கேள்வி: நான் வேலை முடிந்து வந்ததும் ஓடிவந்து என் காலடியிலேயே விட்டுவிடுகிறது. அதட்டினால் இன்னும் அதிகமாக விடுகிறது. (வாசகி, தொண்டி)

பதில்: இது பழக்கக் குறைவு இல்லை, அதனால் பழக்கியும் சரியாகாது. சந்தோஷத்திலோ, "நீங்கள் பெரியவர், நான் சின்னவன்" என்று பணிந்து காட்டுவதிலோ அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. அதட்டினால் இன்னும் பணிகிறது, இன்னும் விடுகிறது. வந்ததும் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் முகம் கழுவுங்கள், துள்ளல் அடங்கியதும் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தாடையைத் தடவுங்கள். முடிந்தால் முதல் பத்து நாள் வாசலுக்கு வெளியே மணலிலேயே சந்தித்துக்கொள்ளுங்கள். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு ஊளையிடுகிறது. எழுந்தால் விளையாடக் கூப்பிடுகிறது, எழாவிட்டால் ஈரம். தெருவே எழுந்துவிடுகிறது. (வாசகர், ஏர்வாடி)

பதில்: எங்கே படுக்கவைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கொல்லைப்புறத்தில் தனியாக என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். நேற்று வரைக்கும் ஏழெட்டுக் குட்டிகளோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது, திடீரென்று தனியாக விட்டால் ஊளையிடாமல் என்ன செய்யும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் படுக்கவையுங்கள். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி வேண்டாம், வாசத்துக்குக் கடித்துத் துண்டு துண்டாக விழுங்கிவிடும். அட்டைப்பெட்டியோ மரப்பெட்டியோ சரி. பகல் முழுக்க அதில் பூட்டிவைக்கிற வேலை மட்டும் கூடாது.

கடைசிச் சோறு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். தண்ணீரைச் சாயங்காலமே பிடுங்கிவைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது, படுக்கிற ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும். ஊளையிடும் வரைக்கும் காத்திருக்காமல், ஒன்றரை மணிக்கே நீங்களாக எழுந்து தூக்கிக்கொண்டு போங்கள். விளக்குப் போட வேண்டாம், பேச வேண்டாம், போனதும் திரும்பப் பெட்டி. கூப்பிட்டால் ஆள் வரும் என்று அது பழகுவதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் கால் மணி, அரை மணி என்று தள்ளிக்கொண்டே போங்கள், நான்கு மாதத்தில் பல குட்டிகள் விடியும்வரை தாங்கும். நாட்டுப்படகுக்குப் போகிற வீடாக இருந்தால் கஷ்டமே இல்லை, விடியுமுன் எழுந்திருக்கிற ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார்.

கேள்வி: பினாயில் ஊற்றிக் கழுவியும் அதே இடத்தில் போகிறது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்குகிறோம், தினம் வீடு கழுவ முடியாது. (வாசகி, உச்சிப்புளி)

பதில்: கழுவவே வேண்டாம். ஊற்றினால் ஈரம் பரவத்தான் செய்யும், சிமெண்ட் தரை என்றால் உள்ளே இறங்கிவிடும். முதலில் பழைய கைலியை மடித்து ஈரத்தின் மேல் போட்டுக் காலால் மிதியுங்கள், இழுத்துத் துடைக்காதீர்கள். முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும். அந்தக் கைலித் துண்டைத் தூக்கிப் போடாமல் வெளியே நீங்கள் பழக்குகிற மணலில் கொண்டுபோய்ப் போடுங்கள், அதுதான் குட்டிக்கு நீங்கள் வைக்கிற பெயர்ப்பலகை. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்துப் பத்து நிமிஷம் விட்டு ஒற்றி எடுங்கள். மொசைக், மார்பிள் தரைக்கு வினிகர் ஆகாது, அரித்துவிடும். அதற்கு நாய்ப் பொருள் விற்கிற கடைகளில் என்சைம் திரவம் கிடைக்கும், நாற்றத்தின் மூலத்தையே அது சிதைக்கும்.

பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது, அதோடு ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்குகிற குட்டிக்கு அது நல்லதும் இல்லை. பிளீச்சிங் பவுடரை மூத்திர ஈரத்தின் மேலேயோ வினிகரோடு சேர்த்தோ போடவே போடாதீர்கள், நெஞ்சை அடைக்கிற விஷ வாயு கிளம்பும்.

கேள்வி: ஏழு மாத ஆண் நாய். நன்றாகப் பழகியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து திரும்பவும் கூடத்தில் குளம் கட்டுகிறது. வீட்டில் நாங்கள் சாப்பிடுகிற கருவாட்டுக் குழம்புச் சோறுதான் அதற்கும். வயதுக்கு வந்ததால் அப்படியா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: வயதுக்கு வந்த நாய் காலைத் தூக்கும், பீரோ, கேஸ் சிலிண்டர், பைக் சக்கரம் என்று நிற்கிற பொருளாகப் பார்த்துக் கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போகும். நீங்கள் "குளம்" என்கிறீர்கள், அப்படியானால் அது இல்லை. அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ, சிவப்பாகத் தெரிந்தாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று மழை. அது காய்ந்த மணலில் போய்ப் பழகிய நாய். இப்போது அந்த இடம் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும், கால் வைக்கவே பிடிக்காமல் திரும்பி வந்துவிடும், உள்ளே காய்ந்த தரை இருக்கிறது. கிடுகு வேய்ந்த சின்னச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அதன் கீழே ஒரு சாண் உயரத்துக்கு மணலை மேடாக்கிக் கொடுங்கள், மார்கழி வரைக்கும் அது போதும். குடை பிடித்துக்கொண்டு கூட நில்லுங்கள், யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது கருவாடு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், குடித்த தண்ணீர் எங்கே போகும்? அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கும், இரண்டுமே நாய் ரத்தத்துக்குக் கெடுதல். நாம் எல்லோரும் அப்படித்தான் போட்டு வளர்த்தோம் என்பது தெரியும், அந்த நாய்கள் எத்தனை வயது வரைக்கும் இருந்தன என்றும் தெரியும். முள் எடுத்த பச்சை மீனை உப்பில்லாமல் அவித்துச் சோற்றில் பிசைந்து, வேளை தவறாமல் இரண்டு நேரம் வையுங்கள். கால் மணியில் தின்னாததை எடுத்துவிடுங்கள். உள்ளே போவதற்கு நேரம் இருந்தால் வெளியே வருவதற்கும் நேரம் இருக்கும்.

கேள்வி: ஆட்டுக் கிடைக்குக் காவலாக, நம் ஊர் நாட்டு இனமான மண்டை நாய்க் குட்டி வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குள் வராத நாய்க்கு இந்தப் பழக்கமெல்லாம் எதற்கு? (வாசகர், சாயல்குடி)

பதில்: அவிழ்த்துவிட்டு வளர்த்தால் எதுவும் தேவையில்லை, அதுவே தள்ளிப் போய்விட்டு வரும். ராத்திரி பகலாக ஒரே முளைக்குச்சியில் குட்டை சங்கிலியில் கட்டிவைத்தால், படுத்த இடத்திலேயே போவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. சுத்தம் என்கிற உணர்ச்சியே செத்துவிடும், அப்புறம் ஒரு மழை நாளில் திண்ணையில் ஏற்றினால் நீங்கள்தான் துடைப்பீர்கள். குட்டியாக இருக்கும்போது நாளைக்கு நான்கு முறையாவது அவிழ்த்து உடைமரத்தடிப் பக்கம் நடத்திக்கொண்டு போங்கள். கருவேல முள் தைத்திருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குட்டி கச்சிதமாகப் பழகிவிட்டது, கடற்கரைக்குக் கொண்டுபோனால்தான் போகும். ஆனால் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். மண்ணைத் தள்ளி மூடினால் போதாதா? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். நாய் வயிற்றுக் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு விழுந்து, ஈரமான மணலில் பொரித்து, வெறுங்காலோடு நடக்கிற பிள்ளையின் தோலைத் துளைத்து நுழையும். தோலுக்கடியில் செந்நிறக் கோடாக வளைந்து வளைந்து ஊர்ந்து அரிக்கும். மூடினால் வெயில் படாமல் இன்னும் வசதியாகப் பொரிக்கும். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அள்ளி, பையைத் திருப்பி முடிந்து குப்பையில் சேருங்கள். குடற்புழு மருந்து, குட்டிக்கு மூன்று மாதம் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் வரைக்கும் மாதம் ஒரு தடவை. எடைக்குத் தக்க அளவை டாக்டர் சொல்வார்.

கடற்கரை என்றதும் இன்னும் இரண்டு விஷயம். வலையில் கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் உப்பிக் கிடக்கும், அதை வாயில் வைக்க விடாதீர்கள், அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. கடல்தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள், அன்று ராத்திரி முழுக்க வயிற்றாலே போகும், பழக்கியதெல்லாம் ஒரே நாளில் போச்சு. அப்புறம் தை, மாசி, பங்குனியில் தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும். ராத்திரியில் கயிறு இல்லாமல் நாயை அந்தப் பக்கம் விடவே விடாதீர்கள், முட்டைக் குழியைத் தோண்டுவதில் பழகிய நாய், பழகாத நாய் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.